கடல் 200 மைல் தள்ளி இருந்தாலும் ஹரிகேன் வரும்

கேள்வி இதுதான்: "நியூஜெர்சியிலிருந்து தெற்கு கரோலினாவில் கிரீன்வில் பக்கம் வீடு வாங்கி வந்திருக்கிறோம். சார்ல்ஸ்டன் கடற்கரை 200 மைலுக்கு அப்பால் இருக்கிறது. இங்கேயும் ஹரிகேனுக்குத் தயாராக வேண்டுமா? வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் சின்ன ஓடை ஒன்று ஓடுகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர்."

கட்டாயம் தயாராக வேண்டும். ஆனால் கடற்கரைக்காரர்கள் தயாராகிற மாதிரி அல்ல. அவர்கள் வெளியேறுவதற்கு மண்டலம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆளுநர் உத்தரவு போடுவார், நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத் தடத்தையும் வெளியே போகிறவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். கிரீன்வில்லுக்கு அப்படிப்பட்ட மண்டலம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் யாரும் வந்து "கிளம்புங்கள்" என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் விடியற்காலை நாலு மணிக்குப் போனில் ஒரு அலறலாகத்தான் வரும். அதனால் எப்போது கிளம்புவது, எங்கே போவது என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்து வைக்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை இரவு 11 மணி தாண்டி, ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் பெர்ரி என்ற ஊர்ப்பக்கம் கரை ஏறியது. நான்காம் வகை, காற்று மணிக்கு 140 மைல். அங்கிருந்து கிரீன்வில் 330 மைலுக்கு மேல். "நம்ம ஊருக்கு வருவதற்குள் மழையாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துப் படுத்துவிட்டேன். காலை ஆறு மணி வாக்கில் வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ஓக் மரம் வேரோடு சாய்ந்து எங்கள் டிரைவ்வேயின் குறுக்கே கிடந்தது. வேர்த்தட்டு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்றது. அதில் ஒட்டியிருந்த செம்மண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லை. கராஜ் கதவு மின்சாரத்தில் ஓடுவது, கார் உள்ளே. கதவைக் கையால் திறக்க மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், அதை இழுக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திறந்து என்ன, மரம் கிடக்கிறதே. எங்களுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆயிற்று. கடைசிவரை எனக்கு மனதில் உறுத்தியது இதுதான்: அந்த மரம் பத்தடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் பிள்ளைகள் படுத்திருந்த அறை.

எங்களுக்கு நேர்ந்தது சேதத்தில் சேர்த்தியே இல்லை. மலை ஏறி ஒன்றரை மணி நேரம் போனால் வடக்கு கரோலினாவின் ஆஷ்வில். அங்கே நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் "கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம்" என்று நினைத்தவர்கள்தான் அங்கேயும் இருந்தார்கள். புயல் வருவதற்கு ஒரு நாள் முன்பே வேறொரு மழை பெய்து மண்ணை ஊற வைத்துவிட்டது. அதன்மேல் ஹெலீன் வந்தது. ஆஷ்வில் விமான நிலையத்தில் மூன்று நாளில் 14 அங்குலம், மலைமேல் பியூசிக் என்ற இடத்தில் 30 அங்குலம். ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து இன்னும் அதிகமாகக் கொட்டும். நம் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து வால்பாறையில் மழையாக இறக்குகிற அதே கணக்குதான். ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24 அடிக்கு மேல் ஏறி, 1916 வெள்ளத்தின் பதிவையே முறியடித்தது. ஊருக்குள் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் திரும்ப 53 நாள் ஆனது. ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியைப் பிஜன் என்ற இன்னொரு ஆறு அரித்துத் தின்றுவிட்டது. 2025 மார்ச் மாதம்தான் ஒரு திசைக்கு ஒரு தடமாகத் திறந்தார்கள். மொத்தத்தில் அந்தப் புயலில் சுமார் 250 பேர் இறந்தார்கள். தெற்கு கரோலினாவில் மட்டும் ஏறக்குறைய 50 பேர், அதில் பலர் வீட்டின்மேலோ காரின்மேலோ மரம் விழுந்து போனவர்கள்.

இது ஏதோ நூறாண்டுக்கு ஒரு தடவை வருவது என்று தள்ளிவிடாதீர்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ நள்ளிரவில் சார்ல்ஸ்டன் பக்கம் கரை ஏறி, விடிவதற்குள் 200 மைல் உள்ளே இருக்கும் ஷார்லட்டை அடித்தது. அங்கே சில பகுதிகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 1969இல் கமில் மிசிசிப்பியில் கரை ஏறி, இரண்டு நாள் கழித்து, "புயல் முடிந்தது" என்று எல்லோரும் நினைத்த பிறகு, வர்ஜீனியா மலையில் நெல்சன் கவுண்டியில் (கவுண்டி நம் மாவட்டம் போன்றது) ஒரே இரவில் இரண்டு அடிக்கு மேல் மழை கொட்டியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்திலும் மண்சரிவிலும் போனார்கள். நீங்கள் விட்டு வந்த நியூஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் ஐடா லூசியானாவில் கரை ஏறி மூன்று நாள் கழித்துத்தான் அங்கே வந்தது. வரும்போது அது ஹரிகேனே அல்ல, மிச்சம் மீதி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 3 அங்குலத்துக்கு மேல் பெய்தது. நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட் வீடுகளில் சிக்கியவர்கள். நியூஜெர்சியில் இறந்தவர்களில் பலர் காரில் போனவர்கள்.

ஆக, உள்நாட்டு ஊரில் கொல்வது கடல் அல்ல, மழைத் தண்ணீர். அமெரிக்க ஹரிகேன் மையத்தின் கணக்குப்படி 2013 முதல் 2022 வரை புயலால் நேரடியாக இறந்தவர்களில் பாதிக்கு மேல் மழை வெள்ளத்தில் இறந்தவர்கள். கடல் பொங்கி இறந்தவர்கள் பத்தில் ஒரு பங்கு போலத்தான். அதனால்தான் "இது இரண்டாம் வகைதானே, மூன்றாம் வகைதானே" என்று பார்ப்பதில் நமக்கு அர்த்தமில்லை. அந்த வகைப் பிரிவு காற்றின் வேகத்தை மட்டும் அளக்கிறது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. டிவியில் காட்டுகிற கூம்பும் அப்படித்தான். புயலின் மையம் எந்தப் பாதையில் போகக்கூடும் என்பதுதான் கூம்பு. அதற்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று பொருளில்லை. ஹெலீன் அளவுக்குப் பெரிய புயலில் மையத்திலிருந்து 200 மைல் தள்ளியும் மரம் சாயும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: எத்தனை அங்குல மழை என்கிற படம், அதிகப்படி மழையால் திடீர் வெள்ளம் வரும் வாய்ப்பைக் காட்டுகிற படம். தேசிய வானிலைச் சேவைக்குக் கிரீன்வில்-ஸ்பார்ட்டன்பர்க் விமான நிலையத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது, நம் பகுதிக்கு எச்சரிக்கை எழுதுவது அவர்கள்தான். ஹெலீனுக்கு முன்னால் அவர்கள் 1916ஐ ஒப்பிட்டே எழுதியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

சரி, உங்கள் ஓடைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அதுதான். சாதாரண நாளில் செருப்பு நனையாமல் தாண்டக்கூடிய ஓடை, மேலே ஆறேழு அங்குலம் கொட்டினால் சில மணி நேரத்தில் எட்டடி ஏறலாம். முதலில் ஃபெமா என்ற மத்திய அரசின் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஏ அல்லது ஏஇ என்று வந்தால் நீங்கள் வெள்ள மண்டலத்தில் இருக்கிறீர்கள். எக்ஸ் என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சின்ன ஓடைகள் பலவற்றை அந்த வரைபடம் அளந்ததே இல்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடையோரமாக மேல்நோக்கி நடந்து போங்கள். பாலத்தடியில் குழாய் எவ்வளவு அகலம், கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும், மரக்கிளையில் பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பை எந்த உயரத்தில் தொங்குகிறது, இதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் புரியும். அந்தத் தெருவில் இருபது முப்பது வருடமாக இருக்கிற முதியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் தண்ணீர் இதுவரை எங்கே வந்தது என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார். எந்த வரைபடத்தைவிடவும் அது உதவும்.

மேலே குடியிருப்புப் பகுதிக்கு அழகுக்காகக் கட்டிய ஏரி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஏரிகளுக்கெல்லாம் மண் அணைதான். 2015 அக்டோபரில் வக்கீன் புயல் இந்த மாநிலத்தைத் தொடவே இல்லை, கடலிலேயே போய்விட்டது. அதன் ஈரப்பதம் மட்டும் வந்து கொட்டியதில் தெற்கு கரோலினாவில் ஐம்பதுக்கு அருகில் அணைகள் உடைந்தன. தலைநகர் கொலம்பியாவில் பல தெருக்களை மூழ்கடித்ததில் இப்படிப்பட்ட சிறு அணைகளுக்கும் பங்கு உண்டு. ஹெலீனின்போது லேக் லூர் அணை எந்த நேரமும் உடையலாம் என்று கீழே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஓரங்களை வெள்ளம் அரித்தாலும் அணை நின்றது. டென்னசியில் நியூபோர்ட் ஊருக்கு மேலே இருக்கும் அணை உடைந்துவிட்டது என்று வந்த தகவல் பொய்யாகப் போயிற்று, ஆனால் அதற்குள் மக்கள் நகர்ந்துவிட்டார்கள். அணை பற்றிய எச்சரிக்கை வந்தால் உண்மையா என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், அப்படியே கிளம்புங்கள். பொய்யாக இருந்தால் நஷ்டம் ஒரு மணி நேரம்.

எங்கே போவது? இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஹரிகேன் என்றதும் சூட்கேஸ் கட்டி, ஐ-85 ஏறி, அட்லாண்டா வரை ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். உங்களுக்குத் தேவை 200 மைல் அல்ல, இரண்டு மூன்று மைல். ஓடையிலிருந்து விலகிய, மேடான, தலைக்குமேல் பெரிய மரம் இல்லாத ஒரு வீடு. போகும் வழியில் பாலம், தாழ்வான சாலை, அண்டர்பாஸ் எதுவும் இருக்கக் கூடாது. நண்பர் வீடு, உடன் வேலை பார்ப்பவர் வீடு, இல்லையென்றால் மேட்டில் இருக்கும் ஒரு ஓட்டல். அந்த வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேர் வந்து நின்றால் பரவாயில்லையா?" நம் ஆட்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்டு வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் தயங்காமல் கதவைத் தட்டுவோம்.

நீண்ட தூர ஓட்டம் தானே ஒரு ஆபத்து என்பதை 2005இல் ஹூஸ்டன் காட்டியது. கத்ரீனா முடிந்து மூன்றே வாரம், ரீட்டா வருகிறது என்றதும் போக வேண்டியவர்களும் தேவையில்லாதவர்களும் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினார்கள். சுமார் 25 லட்சம் பேர். வெயிலில் பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டிகள், ஒரு நாள் முழுக்க நகராத வரிசைகள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழியிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். இந்த நாட்டில் அவசரகால அதிகாரிகள் "தண்ணீரிலிருந்து ஓடு, காற்றிலிருந்து ஒளிந்துகொள்" என்று சொல்வார்கள். தண்ணீர் வரக்கூடிய இடத்தில் இருந்தால் மட்டும் நகருங்கள். மேட்டில் உறுதியான வீட்டில் இருக்கிறவர்கள் சாலையில் இறங்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சார்ல்ஸ்டனுக்கு உத்தரவு வந்தால் ஐ-26இன் தடங்களைக் கொலம்பியாவரை திருப்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு கிரீன்வில்லுக்கும் ஸ்பார்ட்டன்பர்க்குக்கும் ஏறி வரும். ஓட்டல் அறை, பெட்ரோல், பாட்டில் தண்ணீர் எல்லாம் நமக்குப் புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே காலியாகிவிடும். அதனால் செப்டம்பர், அக்டோபரில் கார் டாங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கிளம்புவது என்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். வெள்ளத்துக்கு 'வாட்ச்' போட்டு, ஆறு அங்குலத்துக்கு மேல் மழை என்று சொல்லி, அது இரவில் பெய்யும் என்றும் இருந்தால், இருட்டுவதற்கு முன்னாலேயே ஓடைப் பக்கம் இருக்கிற நண்பர் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். விவாதம் கிடையாது. வாட்ச் என்றால் வரக்கூடும். வார்னிங் என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்தேவிட்டது. எமர்ஜென்சி என்று வந்தால் உயிருக்கே பெரிய ஆபத்து, பேரழிவு நடந்துகொண்டிருக்கிறது அல்லது இப்போதே நடக்கப்போகிறது. வார்னிங் வந்தபிறகு கார் எடுப்பது பல நேரம் தாமதம். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் காரை மிதக்கவிடும், இரண்டடி இருந்தால் பெரிய எஸ்யுவியையும் தள்ளிக்கொண்டு போகும். இருட்டில் அந்தத் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. காரில் போக முடியாத நிலை வந்தால் காரை விட்டுவிட்டு மேட்டுப்பக்கம் நடந்து ஏறுங்கள்.

போனை அணைத்துப் படுக்காதீர்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. ஆனால் போன் மட்டும் போதாது. ஹெலீன் அன்று மலைப்பகுதிக் கவுண்டிகளில் பெரும்பாலான செல்கோபுரங்கள் செயலிழந்தன; ஆபத்து உச்சத்தில் இருந்தபோது அழைக்கவோ எச்சரிக்கை பெறவோ வழியில்லை. பேட்டரியிலும் கைவிசையிலும் ஓடுகிற வானிலை ரேடியோ ஒன்று சுமார் 30, 40 டாலருக்குக் கிடைக்கும். உங்கள் கவுண்டியைப் பதிந்து வைத்தால் எச்சரிக்கை வரும்போது தானாகக் கத்தும். எச்சரிக்கைச் செய்தி ஆங்கிலத்தில் வரும், அப்பா அம்மா பகலில் தனியாக இருக்கும்போது வந்தால் புரியாமல் பயந்து போவார்கள். அந்த ஒலியை அவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். "இந்தச் சத்தம் வந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள், எடுக்காவிட்டால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தண்ணீர் ஏறி வந்தால் மாடிக்குப் போங்கள்" என்று மூன்றே வாக்கியம் சொல்லி வையுங்கள். எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஒரு குழப்பம் வரும், முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். கரை ஏறிய புயல்களின் வெளிவளையத்தில், முக்கியமாக வலப்பக்கத்தில், சின்னச் சின்ன டொர்னாடோக்கள் கிளம்பும். ஹெலீன் அன்று வடக்கு கரோலினாவின் ராக்கி மவுண்ட்டில், மையத்திலிருந்து எவ்வளவோ தள்ளி, ஒன்று இறங்கிப் பலரைக் காயப்படுத்தியது. டொர்னாடோ எச்சரிக்கை கீழ்த்தளத்துக்கு இறங்கச் சொல்லும், வெள்ள எச்சரிக்கை மேலே ஏறச் சொல்லும். ஓடையோர வீட்டில் இரண்டும் சேர்ந்து வந்தால்? பேஸ்மென்ட்டுக்குப் போகாதீர்கள். தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை, குளியலறையோ படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையோ, டொர்னாடோ கடக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் போதும். இந்தச் சிக்கலே வராமலிருக்கத்தான் இருட்டுமுன் நகர்ந்துவிடுங்கள் என்று சொல்கிறேன்.

காற்று அடிக்கும் இரவில் பெரிய மரம் இருக்கும் பக்கத்து அறையில், குறிப்பாக மாடியில், யாரையும் படுக்க வைக்காதீர்கள். ஊறிப்போன செம்மண் வேரைப் பிடித்து வைக்காது. பார்க்க ஆரோக்கியமாக இருந்த மரங்கள்தான் எங்கள் தெருவில் விழுந்தன. வீட்டை ஒட்டிய மரத்தை வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த மரக்காரரிடம் காட்டுங்கள். செலவுதான், ஆனால் கூரைச் செலவைப் பார்த்தால் ஒன்றுமில்லை.

கிளம்பும்போது எடுக்கும் பை. நம் குடும்பங்களுக்குச் சில காகிதங்கள் முக்கியம்: எல்லோருடைய பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்) அசல், அப்பா அம்மாவின் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்படி, திரும்பும் டிக்கெட், அவர்களின் பயணக் காப்பீட்டு அட்டை, வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ். தண்ணீர் புகாத ஜிப் பைக்குள் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். பாஸ்போர்ட் வெள்ளத்தில் போனால் தூதரகத்தில் திரும்ப வாங்கும் அலைச்சல் சாதாரணமானதல்ல. மருந்து குறைந்தது இரண்டு வாரத்துக்கு. ஊரிலிருந்து கொண்டு வருகிற மாத்திரைகளின் பொதுப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். இந்தியப் பிராண்டு பெயர் இங்கே மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது. அம்மாவின் இன்சுலின் பற்றிப் பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் பல வகை இன்சுலின், அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும், வெயிலிலும் காருக்குள்ளும் மட்டும் விடக்கூடாது. அவர் போடுவது எந்த வகை, எத்தனை நாள் தாங்கும் என்று மருத்துவரிடம் கேட்டுப் பெட்டியின்மேலேயே எழுதிவிடுங்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மா ஐஸ்கட்டியோடு நேரடியாக வைத்து இன்சுலினை உறைய வைத்துவிட்டார். உறைந்தது வீண், தூக்கிப் போட வேண்டியதுதான். மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி நிழலில் வைப்பது அதைவிட நல்ல வழி.

வீட்டிலேயே இருந்தாலும் இரண்டு வாரம் கரண்ட் இல்லாமல் ஓட்ட வேண்டியிருக்கலாம். மூன்று நாளுக்கு என்று பல வழிகாட்டிகள் சொல்லும். ஹெலீனைப் பார்த்தபிறகு எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர். குளியல் தொட்டியை நிரப்பி வையுங்கள், கழிப்பறைக்கு ஆகும். வாட்டர் ஹீட்டர் தொட்டியில் 40, 50 கேலன் நல்ல தண்ணீர் இருக்கிறது, அடியில் குழாய் உண்டு. மின்இணைப்பையோ கேஸையோ அணைத்துவிட்டு எடுக்கலாம். கிணற்றுப் பம்ப் உள்ள வீடு என்றால் கரண்ட் போன நிமிடத்திலேயே தண்ணீரும் போய்விடும். சாப்பாட்டுக்கு அவல், பொரி, சத்துமாவு, வேர்க்கடலை, ஊறுகாய், பேரீச்சம்பழம் எல்லாம் நம்மிடம் இருப்பதே போதும். மூன்றாம் நாள் அவலில் மோர் ஊற்றி உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் தாங்கும். கார்டு வேலை செய்யாது. சின்ன நோட்டுகளாக இருநூறு முந்நூறு டாலர் வீட்டில் வையுங்கள்.

ஜெனரேட்டர் வாங்கினால் தயவுசெய்து இதைக் கேளுங்கள். அதை கராஜுக்குள், வராந்தாவில், ஜன்னலோரம் ஓட்டாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கூடாது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே குடும்பத்தோடு கொண்டுபோகும். புயலைத் தாண்டி வந்தவர்கள் இப்படிச் சாவது ஒவ்வொரு பெரிய புயலிலும் நடக்கிறது. கேம்ப் அடுப்பு, கரி அடுப்புக்கும் இதேதான்: வெளியேதான், உள்ளே ஒருபோதும் இல்லை. பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டுங்கள்.

இன்ஷூரன்ஸை இன்றைக்கே பாருங்கள். வீட்டுக் காப்பீடு காற்றுக்கும் மரத்துக்கும் கொடுக்கும், வெள்ளத்துக்குக் கொடுக்காது. வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும், அரசின் திட்டத்தில் அது எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயலை டிவியில் பார்த்தபிறகு எடுக்க முடியாது. ஆஷ்வில் இருக்கும் பன்கம் (Buncombe) கவுண்டியில் ஹெலீனின்போது வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுதான். ஓடையோரத்தில் இருந்துகொண்டு அதை எடுக்காமல் இருக்காதீர்கள். மலைச்சரிவில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், மண்சரிவுக்கு இந்த இரண்டுமே பொதுவாகக் கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்பா அம்மா வந்ததும், ஜெட்லாக் தெளிந்த ஒரு மாலையில், அந்தப் பையை அப்பா கையில் கொடுத்து, அந்த மேட்டு வீட்டுக்கு எல்லோரும் ஒருமுறை போய்வாருங்கள். இருட்டியபின் போங்கள், சாலை எப்படித் தெரிகிறது என்று பார்க்க. அம்மாவால் எத்தனை நிமிடத்தில் காரில் ஏற முடிகிறது என்று கவனியுங்கள். அங்கே ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் கராஜில் அந்தச் சிவப்புக் கயிற்றை நீங்களும் உங்கள் மனைவியும் ஆளுக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது இறுகிப்போய் முதல் தடவை வரவில்லை.